கரும்பச்சைச் சுவரில் தெரிந்தது

சென்ற வாரம் என் பழைய பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஒரு போன். கம்பெனி என்றால் நிர்வாகம் அல்ல. அவர்கள் என்னை விருப்ப ஓய்வில் அனுப்பியபோது போர்த்திய சால்வையோடு உறவை முடித்துக்கொண்டார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. இப்போது பேசியவர், நான் சுற்றிய தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் புதிய விற்பனை அதிகாரி.

"சார், எங்க போனாலும் கரும்பச்சை கேக்குறாங்க சார். டிவிக்குப் பின்னாடி ஒரு சுவரு, பக்கத்துல பித்தளைக் குடம், ஒரு மணி பிளான்ட். அடிச்சு முடிச்சதும் கலர் தப்புன்னு கம்ப்ளெய்ன்ட். ஆப்ல அவங்களே தேர்ந்தெடுத்த கலர்தான் சார். நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படி சமாளிச்சீங்க?"

அந்தக் காலம் என்று அவர் குறிப்பிட்டது நான்கைந்து வருடங்களுக்கு முந்தைய காலத்தை. என்னை அவ்வளவு மரியாதையாக அருங்காட்சியகத்துக்கு யாரும் இதுவரை அனுப்பியதில்லை. போனில் சொன்னால் சரியாக வராது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். பாவம், ஒரு வரி பதிலை எதிர்பார்த்திருப்பார்.

நான் படித்தது தமிழ் முதுகலை. பெயிண்ட் கம்பெனி நேர்முகத் தேர்வில், நிறங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். பழந்தமிழில் நிறத்துக்கு வழங்கும் சொற்களை வரிசையாக ஒப்பித்தேன். எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இவனுக்கு டெல்டாவைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சென்னையில் நடந்த பயிற்சியில், நிறம் என்பது பொருளில் இல்லை, ஒளியில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். கும்பகோணத்தில் நான் நுழைந்த முதல் கடையின் முதலாளி, நிறம் ஒளியிலும் இல்லை, டிஸ்கவுண்டில் இருக்கிறது என்று திருத்தினார். இத்துடன் என் கல்வி நிறைவு பெற்றது.

மற்ற ஊர்களில் எப்படியோ, இந்த நெல் நாட்டில் பச்சை என்று சும்மா ஒரு நிறம் கிடையாது. நாத்துப் பச்சை வேறு, நட்டு வேர் பிடித்த பச்சை வேறு, கதிர் வருகிற நேரத்துப் பச்சை வேறு. வாழைக்குருத்து, பாசி, மாம்பிஞ்சு, அரைத்த மருதாணி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் ஷேடு கார்டிலோ எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் காட்டுப் பெயர்கள். 'ஃபாரஸ்ட் சீக்ரெட்' என்று ஒரு கரும்பச்சை இருந்தது. காடே இல்லாத ஜில்லாவில் அதன் ரகசியத்தை நான் எப்படி விற்பது? "பாட்டில் பச்சைங்க" என்று சொல்லித்தான் விற்றேன். அந்தப் பெயர் எல்லாருக்கும் உடனே விளங்கியது. பெண்கள் இருக்கும்போது சோடா பாட்டில் என்று தெளிவுபடுத்துவேன்.

பச்சையால் நான் முதலில் அடிபட்டது அதிராம்பட்டினத்தில். கப்பல் வியாபாரத்தில் செழித்த ஒரு மரைக்காயர் வீடு. பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் உட்கார்ந்ததும், ரொம்பப் புத்திசாலித்தனமாக, ஷேடு கார்டின் பச்சைப் பக்கங்களை மட்டும் விசிறி போல விரித்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, பச்சைதான் கேப்பேன்னு வர்ற வழியிலயே முடிவு பண்ணிட்டீங்களா?"

நான் விசிறியை மடக்கினேன்.

"பள்ளிவாசல்ல பச்சை, தர்காவுல பச்சை, வெளிய போனா வயலு பூராப் பச்சை. வீட்டுக்குள்ளயாச்சும் எனக்கு ரோஸ் அடிச்சுக் குடுங்க தம்பி. பேரப்புள்ளைங்க சிரிச்சாச் சிரிக்கட்டும்."

ரோஸ் அடித்தோம். மிட்டாய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல அவர் சந்தோஷமாக இருந்தார். அதற்குப் பிறகு, வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்வரை ஷேடு கார்டைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கவும் செய்தேன்.

இப்போது கமலவேணி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்துக்குத் தொழில்நுட்ப அதிகாரியாக வந்தவர். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம், வேதியியல் படிப்பு, வயதில் என்னைவிடப் பத்து வருடமாவது இளையவர். எனக்கு மேலதிகாரி. அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். இருவருமே மற்றவர்தான் பெரியவர் என்கிற பாவனையில் இருந்ததால் சண்டையே வந்ததில்லை.

நிறம் மாறிவிட்டது என்று புகார் வரும் வீட்டுக்கு அவர் சாம்பல் நிறச் சேலையில்தான் வருவார். முதல் தடவை என்னுடன் வந்தபோது நான் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தேன். கல்யாண நாளுக்கு வீட்டில் வாங்கித் தந்தது.

"சார், உங்க சட்டை சுவத்துல விழுது."

நான் பதறிப்போய் பொத்தான் ஏதாவது விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். அவர் சொன்னது நிறத்தை. சட்டையின் ஆரஞ்சு, சுவரில் பட்டுத் திரும்பி, பார்க்கிற நிறத்தைக் கெடுத்துவிடுமாம். அன்று முழுவதும் வாசலுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாக அலுவலகப் பணி ஆற்றினேன். மறுநாள் சாம்பல் சட்டை எடுத்தேன். எங்கள் தெருவில், நான் ஏதோ செக்யூரிட்டி வேலைக்கு மாறிவிட்டதாகப் பேச்சு வந்தது.

அவரிடம் இன்னும் சில வழக்கங்கள் உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்க்க மாட்டார். பையிலிருந்து சாம்பல் துணி ஒன்றை எடுத்து மேஜையில் விரித்து, வெயிலிலிருந்து வந்த கண் அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் துணியில் ஏதாவது வரப்போகிறது என்று அவர்களும் உற்றுப் பார்ப்பார்கள். வேலை முடியும்வரை தண்ணீரைத் தவிர எதையும் வாங்கிக் குடிக்க மாட்டார். காபி வாங்கிக் குடித்துவிட்டால் தீர்ப்பு சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. நான் அவருக்கும் சேர்த்துக் குடிப்பேன். வாடிக்கையாளர் என்ன குறை சொன்னாலும் அவர் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். "அப்படித் தெரியுதா?" என்று மட்டும் கேட்பார். கிண்டலாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போல.

இனி அந்தக் கரும்பச்சை.

பாபநாசத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். கலியபெருமாள் என்ற விவசாயி, அவர் மனைவி தையல்நாயகி, இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு. ஒரே மகள் சென்னையில். வீட்டுக்கு வெள்ளையடித்து வருடக்கணக்காகிவிட்டது, இந்தத் தடவை நல்ல பெயிண்டாக அடிப்போம் என்று இருவரும் பாபநாசம் கடைக்கு வந்திருந்தார்கள். அன்று நானும் தற்செயலாக அங்கே இருந்தேன்.

கலியபெருமாள், "சந்தனக் கலர் போடுங்க, வேல முடிஞ்சுது" என்றார்.

அந்த அம்மாள் ஷேடு கார்டைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேரே வைத்து, இருண்ட பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். "தம்பி, இருக்குறதுலயே கருப்பான பச்சை எது?"

'ஃபாரஸ்ட் சீக்ரெட்'டைக் காட்டினேன்.

"இதுக்கு மேல இருட்டா ஒண்ணும் இல்லையா?"

"இதுக்கு மேல கருப்புதாம்மா."

"அப்ப இதையே குடுங்க. கூடம் பூராவும்."

"ஏ தையலு, கூடம் பூராவுமா? பகல்லயே லைட்டு போடணும்டி."

"போட வேணாம். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. பொண்ணு வீட்டுல இதான் அடிச்சிருக்கா."

நாகரிகம் பாபநாசம் வரை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. அந்த அம்மாளின் ரசனையைப் புகழ்ந்து, கடைக்காரர் ஃபேனைத் திருப்பி என் பக்கம் வைக்கும்வரை பேசினேன்.

கரும்பச்சையில் ஒரு தொல்லை உண்டு. வெளிர் நிறங்களில் வெள்ளை நிறமி நிறைய இருக்கும், அது சுவரை மூடிவிடும். கருநிறங்களைக் கலக்கிற அடிப்பெயிண்டில், அதாவது பேஸில், வெள்ளை அநேகமாகக் கிடையாது. வெள்ளைப் பிரைமர் மேல் நேராக அடித்தால் கோட்டுக்கு மேல் கோட்டு அடித்தாலும் பட்டை பட்டையாக அடிச்சுவர் காட்டிக்கொடுக்கும். அதனால் பிரைமரிலேயே சாம்பல் கலந்து முதலில் அடிக்கச் சொல்லியிருந்தேன். பெயிண்டர் அந்தோணி நல்ல வேலைக்காரர், சொன்னபடி அடித்தார். குறை சொல்ல இடமில்லாத வேலை. ஆனாலும் அடித்து முடித்த வாரமே கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். கலியபெருமாள் புகார் கொடுத்திருக்கிறார். கலர் தப்பு, கார்டில் காட்டியது வேறு, மிஷினில் கலந்தது வேறு, கம்பெனி செலவிலேயே சந்தனக் கலர் அடித்துத் தர வேண்டும்.

நான் போனபோது அவர் வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனிதர் கூடத்துக்குள் போவதில்லையாம். சாப்பாடும் அங்கேதான்.

"உள்ள போனா வயித்தைக் கலக்குது சார்."

"பெயிண்ட் வாசனையா அய்யா?"

"வாசனை இல்ல சார். அந்தப் பச்சை. யூரியா கூடிப்போன வயலு மாதிரி நிக்குது. உரம் அதிகமாயி இப்படிக் கருத்துச்சுன்னா அடுத்து என்ன வரும்? இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் வரும், காத்தடிச்சா பயிரு சாயும். நாற்காலியில உக்காந்தா மருந்து அடிக்கணும் மருந்து அடிக்கணும்னு கை பரபரங்குது. படுத்தாத் தூக்கம் வர்ல."

சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்தார். இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டம் கட்டமாக இருக்கும். நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, வெளிறியிருந்தால் யூரியா போட வேண்டும், கருத்திருந்தால் கூடாது. வயலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழலில் இலையை வைத்துப் பார்ப்பது முறை. அவர் அதே முறைப்படி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையின் கடைசிக் கட்டத்தைச் சுவரில் வைத்தார். சுவர் அதைவிடக் கருப்பு.

"பாத்தீங்களா? அட்டையிலயே இல்ல!"

முப்பது வருட அனுபவத்தில் நெல்லுக்கு உண்டான அட்டையை வைத்து யாரும் என் சுவரை அளந்ததில்லை. எங்கள் கம்பெனி விதிகளிலும் இதற்குப் பதில் இல்லை. 'அய்யா, சுவரில் புழு வராது' என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் தானாகவே நின்றுவிட்டது.

அடுக்களை வாசலில் தையல்நாயகி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இந்தப் பச்சையை எடுத்துட்டு வெளுப்பா ஏதாச்சும் அடிச்சீங்கன்னா, நான் இந்தக் கூடத்துல கால் வைக்க மாட்டேன்."

"கேட்டீங்களா சார்? இத்தனை வருசத்துல ஒண்ணுக்கும் புடிவாதம் புடிச்சவ இல்ல. பொண்ணு வீட்டைப் பாத்துட்டு வந்ததுலேர்ந்துதான் இப்படி" என்றார் கலியபெருமாள். குரலில் கோபத்தைவிடக் குழப்பம் அதிகம்.

ஆக, புகாரை ஏற்றால் அந்த அம்மாள் கூடத்தை இழப்பார். ஏற்காவிட்டால் அவர் கணவர் வேப்பமரத்தடியில் வயதாகிப்போவார். நான் என் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே நடவடிக்கையை எடுத்தேன். கமலவேணி மேடத்துக்குப் போன் செய்தேன்.

மேடம் காலை வெயில் ஏறிய பிறகு வந்தார், சாம்பல் சேலையில். கூடத்து மேஜையில் சாம்பல் துணி. மூலையில் இருந்த மிச்ச டின்னின் மூடியில் ஒட்டியிருந்த ஷேடு எண்ணைச் சரிபார்த்தார். டின்னைக் கலக்கி, ஒரு வெள்ளை அட்டையில் அடித்துக் காய வைத்தார். ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் கருக்கும், அதனால் காயும்வரை பேசக் கூடாது. அதே எண்ணில் கடையில் புதிதாகக் கலந்து அடித்த அட்டையும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் சுவரோடு வைத்துப் பார்த்தார். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார். அது முன்பே அணைந்துதான் இருந்தது. தெற்கு ஜன்னலும் சாத்தியிருந்தது. அதை அவர் ஒரு நொடி பார்த்ததை நான் கவனித்தேன். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவருடைய கடைசிச் சோதனை. பார்க்கப்படும் நிறத்தைச் சோதித்தால் மட்டும் போதாது, பார்க்கிற கண்ணையும் சோதிக்க வேண்டும் என்பார். நாலு அட்டைகள். ஒன்று இந்தச் சுவரின் பச்சை. மற்றவை கருநீலம், கரும்பழுப்பு, இன்னொரு கரும்பச்சை. வீட்டில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, சுவருக்கு உரிய அட்டையை எடுக்க வேண்டும்.

கலியபெருமாள் வந்தார். குனியக்கூட இல்லை. "இதுதான். இது பக்கத்துல இருக்குறதும் பச்சைதான், ஆனா அதுல கொஞ்சம் மஞ்ச ஓடுது."

"கரெக்ட் அய்யா. அப்ப கலர் தப்பு இல்ல?"

"கலர் தப்புன்னு கடைக்காரருகிட்டச் சொன்னது ஒரு பேச்சுக்கும்மா. கலர் சரியாத்தான் இருக்கு. பச்சைதான் தப்பு."

"யூரியா கூடின மாதிரி தெரியுதா?"

"அப்படித்தாம்மா தெரியுது!" என்றார், ஒரு வழியாகப் புரிந்துகொள்ள ஆள் கிடைத்த நிம்மதியில்.

அடுத்து தையல்நாயகி அம்மாள். "நான் ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே" என்றார், அடுக்களைக்குள்ளிருந்தே.

"வீட்டுல எல்லாரும் பாக்கணும்மா. ஒரு நிமிஷம்தான்."

வந்தார். சுவர் ஓரமாக, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி வந்தார். புதுப் பெயிண்டை ஆசையாகத் தடவிப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அட்டைகளை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

"அவளுக்கு என்னம்மா தெரியும், பொண்ணு வீட்டுல பாத்துட்டு வந்து..." என்று கலியபெருமாள் ஆரம்பித்தார். நானும் தலையாட்டினேன். கலர் பற்றி ஒன்றும் தெரியாமலேயே கடையில் அவ்வளவு பிடிவாதமா என்று எனக்கும் லேசாக ஒரு வருத்தம். என் சொற்பொழிவு வீண்.

மேடம் கையைக் காட்டி எங்கள் இருவரையும் நிறுத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அட்டைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த அட்டைன்னு தெரியலையாம்மா? இல்ல..." குரலைத் தாழ்த்தினார். "அட்டையே தெரியலையாம்மா?"

நான் தமிழ் முதுகலை. அறிவதற்கும் காண்பதற்கும் ஒரே வினைச்சொல் என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அந்தக் கூடத்தில் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டவர் ஒரு வேதியியல்காரர்.

தையல்நாயகி அம்மாள் முந்தானையை எடுத்து, மேஜையில் சிந்தாத எதையோ துடைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார், கணவரைப் பார்க்காமல்.

"மங்கலாத்தாம்மா இருக்கு. நிழல்ல இருந்தா ஓரளவுக்குப் பரவால்ல. வெளிச்சம் பட்டா எல்லாம் வெள்ளையாப் பூத்துப்போயிடுது. வெள்ளைச் சுவரா இருந்தப்ப, மத்தியானத்துல வாசப்பக்கத்து வெயிலு சுவத்துல அடிச்சு, கூடமே பாலு கொட்டுன மாதிரி ஆயிடும். வாசப்படி எங்க இருக்குன்னு தெரியாது. ரெண்டு தடவை விழுந்துட்டேன். இருட்டா அடிச்சா வெளிச்சத்தைக் குடிச்சிடும்ல. இப்ப படி தெரியுது."

கால் வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னது மிரட்டல் அல்ல. தகவல்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் கலியபெருமாள்.

"போன குறுவையிலேர்ந்து."

"குறுவையிலேர்ந்தா?" அவர் சுவரில் சாய்ந்துகொண்டார், அந்தப் பச்சைச் சுவரிலேயே. "கீரையில புழு கெடந்துச்சுன்னு அன்னிக்கு அந்தக் கத்து கத்துனேனே..."

"கெடந்தது நெசந்தானே. விடுங்க."

"வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? நீங்க பொண்ணுகிட்டச் சொல்லுவீங்க. அவ கார் எடுத்துட்டு வந்து மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போயிடுவா. அந்த ஒம்பதாவது மாடியில போயி நான் என்ன பண்ணுவேன்? ஆபரேஷன்னு ஆரம்பிச்சு, அப்புறம் தங்கு, அப்புறம் குளிரு, அப்புறம் வெயிலுன்னு அங்கயே இருக்க வெச்சிடுவா. இங்க உங்களுக்கு யாரு சோறாக்குறது? என் வீட்டை விட்டுட்டு நான் போவலம்மா." கடைசி வார்த்தையை மேடத்திடம் சொன்னார், மேடம்தான் ஏற்பாடு செய்ய வந்தவர் போல.

கலியபெருமாள் மூக்கை உறிஞ்சினார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், கம்ப்ளெய்ன்ட்டை வாபஸ் வாங்கிக்கிறேன். பச்சையே இருக்கட்டும். யூரியா கூடுனா கூடிட்டுப் போவுது."

நான் வேகமாகப் பேனாவைத் திறந்தேன். விற்பனைக்காரனின் அனிச்சைச் செயல் அது. மேடம் அதையும் நிறுத்தினார்.

"இப்ப வேணாம் அய்யா. அம்மாவுக்குக் கண் புரையா இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா நான் பெயிண்ட்டுக்குத்தான் ஆபீசர். டாக்டரைப் பாருங்க. எல்லாம் முடிஞ்சு அம்மா வந்து இந்தச் சுவத்தைப் பாக்கட்டும். அவங்களுக்குப் பிடிக்கலன்னா அப்ப மாத்தித் தர்றோம். அதுவரைக்கும் கம்ப்ளெய்ன்ட் ஓப்பன்ல இருக்கும்."

திறந்த புகார் என்பது எங்கள் கம்பெனியில் வீட்டுக்குள் வந்த பாம்பு மாதிரி. தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் யாராவது அதைப் பற்றி விசாரிப்பார்கள். "ஏன் இன்னும் மூடல?" என்று எனக்குத்தான் போன் வரும். வாடிக்கையாளர் இன்னும் சுவரைப் பார்க்கவில்லை என்றேன். அடித்தது அவர் வீட்டில்தானே என்றார்கள். ஆமாம் என்றேன். பிறகு எப்படிப் பார்க்காமல் இருப்பார் என்றார்கள். மேடத்தைக் கேளுங்கள் என்றேன். அவரைக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். புரைதான், இரண்டு கண்ணிலும். முதலில் ஒன்று, சில வாரம் விட்டு இன்னொன்று. மகள் வந்தாள். அம்மாள் பயந்தது போலவே சென்னைப் பேச்சும் வந்தது. அப்போது நடந்ததைக் கலியபெருமாளே பிறகு எனக்குச் சொன்னார். சொட்டு மருந்து வேளாவேளைக்கு ஊற்ற வேண்டும், தலைக்குத் தண்ணீர் படக் கூடாது, அடுப்பு அனலில் நிற்கக் கூடாது, உங்களால் முடியுமா அப்பா என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? ஏம்மா, நாத்தங்காலுக்கு ராவும் பகலும் தண்ணி கட்டி வடிக்கிறவன், உங்கம்மா கண்ணுக்கு ரெண்டு சொட்டு விட மாட்டேனா? வேணும்னா நீ இங்க இருந்து பாருன்னேன். ஒரு வாரம் இருந்து பாத்துட்டு, அவளே கெளம்பிட்டா. போவும்போது, அப்பா, ரசம் மட்டும் நீங்க வெக்காதீங்கன்னா."

வேப்பமரத்தடியிலிருந்து நாற்காலி எப்போதோ கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது. மருந்து விடுகிற ஆள் வெளியே உட்கார முடியாதே.

இரண்டாவது கண்ணும் ஆறி, கறுப்புக் கண்ணாடியையும் எடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு மேடமும் நானும் போனோம். புரை எடுத்த கண்ணுக்கு நிறங்கள் பளிச்சென்று, நீலம் கூடித் தெரியும் என்று மேடம் காரில் சொல்லிக்கொண்டே வந்தார். இருட்டு வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த சுவர். இப்போது இருட்டுக்குத் தேவையில்லை. சந்தனக் கலர் கேட்டால் அடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

தெற்கு ஜன்னல் திறந்திருந்தது. வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. மேடம் துணியை விரிக்கவில்லை, அட்டைகளை எடுக்கவில்லை. "பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றார்.

தையல்நாயகி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். நாலு சுவரையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், மகள் குடும்பத்துப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி, நாற்காலிப் பக்கம் பார்த்து, கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது, இப்படி இருக்கு?"

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கலியபெருமாள் முந்திக்கொண்டார். "ஏன், நல்லாத்தானே இருக்கு? எனக்கே பழகிப்போச்சு. கதிருக்கு முந்தி, பயிரு செழிச்சு நிக்குமே, அந்தப் பச்சை. இதைப் போயி மாத்தணும்ங்குற?"

"சுவத்தை யாரு சொன்னா? சுவரு அழகா இருக்கு, அது கெடக்கட்டும்." அவர் கணவரின் கிட்டே போய், நெற்றிக்கு மேலே கையை வைத்தார். "தலையில ஒரு கருப்பு முடிகூட இல்லையே. எப்ப இப்படி வெளுத்துச்சு?"

கலியபெருமாள் தலையைத் தடவிப் பார்த்தார், இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்தது போல.

"அது ஆச்சு ரொம்ப நாளு. நீ ஒண்ணும் சொல்லலையே, சரி, புடிச்சிருக்கு போலன்னு நானும் விட்டுட்டேன்."

புகாரை மூடுவதற்காக நான் பேனாவை எடுத்தேன். கமலவேணி மேடம் என் கையைத் தட்டினார்.

"சார், அப்புறம் எழுதிக்கலாம். நாம கொஞ்ச நேரம் வெளியில நிப்போம், வாங்க."